பயிற்சி அரங்கில் பழுது நீக்கம்: புதிதாகக் கருத்தாளர் ஆனவருக்கு

தமிழ்நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் கருத்தாளர், அதாவது சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துபவர், ஆகிவிடுகிறார். ஒன்றிய அளவில் ஆசிரியர் பயிற்சிகளைக் கவனிக்கும் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் பேசுவார்: "சார், உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறோம். மாவட்டப் பயிற்சிக்குப் போய் வந்துவிடுங்கள். அடுத்த வாரம் நம் வட்டாரத்துக்கு நீங்கள்தான் எடுக்கிறீர்கள்." நியமனம் முடிந்தது. அதுவரை எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர், திங்கட்கிழமை காலை நாற்பது சக ஆசிரியர்களுக்கு முன் நிற்கிறார். அவர்களில் சிலர் அவர் படித்த காலத்திலேயே ஆசிரியராக இருந்தவர்கள்.

அப்படி நிற்பவருக்காக எழுதியது இது. அரங்கில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தேடிப் படிக்கலாம். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அரங்கில் தெரியும் பழுதின் வேர் பெரும்பாலும் அரங்கில் இருப்பதில்லை. ஒன்று, முந்தைய வாரத் தயாரிப்பில் இருக்கும். அல்லது, நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர்கூட இல்லாததில் இருக்கும். அதனால் அறிகுறியைக் கண்டவுடன் மருந்தைத் தேடவேண்டாம்.

நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 52−27 என்ற கணக்குக்கு ஒரு குழந்தை 35 என்று எழுதியிருக்கிறது. ஏன்? இலக்கத்துக்கு இலக்கம் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கலாம்: 7−2=5, 5−2=3. அல்லது, முறையாகப் பத்தைக் கடன் வாங்கி 12−7=5 என்று எழுதிவிட்டு, கடன் கொடுத்த 5ஐ 4 ஆக்க மறந்திருக்கலாம். விடை ஒன்றே, கோளாறு இரண்டு. முதல் குழந்தைக்கு இடமதிப்பே புரியவில்லை. இரண்டாவதுக்குப் புரிந்திருக்கிறது, ஒரு படி மட்டும் விடுபடுகிறது. பிரித்தறிய 52−29 கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல் குழந்தை 37 என்று எழுதும். இரண்டாவது 33 என்று எழுதும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்படி ஒரு 52−29 தேவைப்படுகிறது.

"சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் அரங்கமே அமைதியாகிறது

முதலில் பின்வரிசையைப் பாருங்கள். வட்டாரக் கல்வி அலுவலரோ வேறு மேற்பார்வை அதிகாரியோ உட்கார்ந்திருக்கிறாரா? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் இருக்கும் அறையில் "எனக்கு இது புரியவில்லை" என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது சந்தேகமாகப் போய்ச் சேராது, குறையாகப் போய்ச் சேரும். தேநீர் இடைவேளையில் அவரிடம், "ஐயா, அடுத்தது குழுவேலை. நீங்களும் ஒரு குழுவில் உட்கார்ந்தால் அவர்களுக்கு உற்சாகமாக இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் உண்மையிலேயே உட்கார்ந்து, ஆணிமணிச் சட்டத்தை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். அன்று அரங்கின் காற்றே மாறிவிடும். மற்றவர்களுக்கு வேறு பள்ளிக்குப் போகும் வேலை நினைவுக்கு வந்துவிடும். இரண்டுமே உங்களுக்கு நன்மைதான்.

அதிகாரி யாரும் இல்லாமலேயே அமைதி நிலவினால், கோளாறு கேள்வியில் இருக்கிறது. "சந்தேகம் இருக்கிறதா?" என்பதற்கு "இல்லை" என்ற ஒரே விடைதான் பாதுகாப்பானது. "உண்டு" என்பவர் தன் அறியாமையைத் தானே அறிவிக்கிறார். எனவே, அறியாமை எவருடையது என்ற கேள்வியே எழாதபடி கேளுங்கள். மேலே சொன்ன 35ஐக் கரும்பலகையில் எழுதி, "இந்தக் குழந்தை மனத்துக்குள் என்ன செய்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். பேச்சு குழந்தையைப் பற்றியது என்றானதும் ஆசிரியர்களுக்கு வாய் திறந்துவிடும். "என் வகுப்பில் ஒருவன் கடன் வாங்குவான், ஆனால் கொடுத்த இடத்தில் குறைக்கமாட்டான்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். அதற்குப் பிறகு உங்களுக்கு வேலை குறைவு.

கேள்வி சரியாக இருந்தும் பதில் வரவில்லையென்றால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது உங்கள் பொறுமையை. வகுப்பறையில் ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை 1970களில் ஆராய்ந்தார் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர். சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பெரியவர்களிடமும் இது பலிக்கும். ஆனால் மேடையில் நிற்பவருக்கு மூன்று விநாடி அமைதி மூன்று நிமிடமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணுங்கள். கையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தால் திறந்து ஒரு வாய் குடியுங்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால், நேரே அரங்கத்தை நோக்கிக் கேட்பதை விட்டுவிடுங்கள். ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த எளிய முறை நம் பயிற்சிகளில் பெயரளவில் எல்லோருக்கும் தெரியும்: தனியே யோசி, இணையரோடு பேசு, பிறகு பொதுவில் பகிர். தனியே எழுதும் முதல் இரண்டு நிமிடத்தை நாம் வழக்கமாகத் தின்றுவிடுகிறோம். அதைத் தின்னாதீர்கள். எழுதி வைத்துக்கொண்டவர்தான் பேசுவார்.

நீங்கள் கையேட்டை வாசிக்கிறீர்கள். அவர்கள் விரல் வைத்துத் தொடர்கிறார்கள்

பதினொன்றரை மணிக்கெல்லாம் அவர்கள் உங்களை முந்திக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டிருப்பார்கள். பிறகு கைபேசி.

இதற்குச் சோம்பல் காரணமில்லை. பயிற்சி உங்களிடம் வந்த வழிதான் காரணம். மாநில அளவில் ஒரு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டாரத்துக்கு. நீங்கள் மூன்றாம் படியில் நிற்கிறீர்கள். மேலே மூன்று நாளாக இருந்தது உங்களிடம் வரும்போது இரண்டு நாள் ஆகியிருக்கும், சிலவேளை ஒன்று. நேரம் சுருங்கும்போது எது வெட்டுப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? விளக்கவுரை ஒருபோதும் வெட்டுப்படாது. செய்து காட்டுவதும் செய்து பார்ப்பதும்தான் வெட்டுப்படும். பேச்சைச் சுமந்து வருவது எளிது. செயல்பாட்டைச் சுமந்து வர அட்டை, மணி, குச்சி, நேரம், துணிச்சல் எல்லாம் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களில் சொன்னது இங்கே நேராகப் பொருந்தும். கருத்து விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி செய்தல், பின்னூட்டம், பிறகு பள்ளியிலேயே உடனிருந்து வழிகாட்டல் என ஐந்தாகப் பிரித்தார்கள். முதல் ஒன்றிரண்டோடு நிறுத்தினால் ஆசிரியருக்குச் செய்தி தெரியும். வகுப்பறைக்குள் அது போவது அரிது. நாம் வெட்டுவது சரியாகப் பின்பாதியைத்தான்.

சரிசெய்தல் மாவட்டப் பயிற்சியிலேயே தொடங்குகிறது. குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்புறம் என்ன சொன்னார்கள்; வலப்புறம் எப்படி நடத்தினார்கள், எத்தனை நிமிடம் ஆனது, எந்த இடத்தில் குழப்பம் வந்தது. இடப்புறம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, அது கையேட்டில் இருக்கும். வலப்புறம் வேறெங்கும் கிடைக்காது.

அடுத்து, வட்டாரப் பயிற்சிக்கு முன் ஒரே ஒரு செயல்பாட்டையாவது உங்கள் சொந்த வகுப்பில் செய்து பாருங்கள். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சியில், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து ஒரே பாடவேளையில் மூன்று குழுவைக் கையாளச் சொல்கிறார்கள் அல்லவா? கையேட்டில் அது மூன்று நேர்த்தியான கட்டங்கள். வகுப்பில், மொட்டுக் குழு வேலையை முடித்துவிட்டு அரும்புக் குழுவின் அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிடுங்கலையும் அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அரங்கில் சொன்னால், கையேட்டின் பத்துப் பக்கத்தை வாசிப்பதைவிட அதிகம் போய்ச்சேரும். பிள்ளைகளின் நோட்டுகள் நான்கைந்தைப் பெயர் மறைத்துக் கொண்டுபோங்கள். அரங்கில் அதைவிடச் சிறந்த துணைக்கருவி இல்லை.

நேரம் போதவில்லை என்றால் மூன்று செயல்பாட்டையும் தொட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒன்றை முழுமையாகச் செய்ய வையுங்கள். மற்ற இரண்டும் கையேட்டில் உள்ளன என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கையேட்டை வாசித்தே தீரவேண்டும் என்றால், "அடுத்த மூன்று பக்கத்தைப் பத்து நிமிடம் மௌனமாகப் படியுங்கள்; உங்கள் வகுப்பில் நடக்கும் என்று தோன்றுவதற்கு ஒரு குறி, நடக்காது என்பதற்கு ஒரு குறி" என்று விட்டுவிடுங்கள். பட்டம் பெற்ற நாற்பது பேருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவது மரியாதையான செயல் அல்ல.

"இதெல்லாம் எங்கள் பள்ளியில் நடக்காது, சார்"

எல்லா அரங்கிலும் வரும் வாக்கியம். பெரும்பாலும் மூன்றாம் வரிசை, ஜன்னலோரம். புதிய கருத்தாளர்கள் இதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு மடக்கப் பார்ப்பார்கள். பொறுங்கள். இது 52−27 போன்ற வாக்கியம். ஒரே சொற்கள், குறைந்தது மூன்று காரணங்கள்.

பிரித்தறியும் கேள்வி இது: "எந்த இடத்தில் நின்றுபோகும் என்று சொல்லுங்கள், சார்?"

"நான் மூன்றாம் வகுப்பைக் குழுவாகப் பிரித்து உட்கார வைக்கும் நேரத்தில் ஒன்றாம் வகுப்பை யார் பார்ப்பது?" என்று குறிப்பான பதில் வந்தால், அவர் ஈராசிரியர் பள்ளிக்காரர். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர், அவருக்குக் கூட்டமும் பதிவேடும் இருக்கும். இது எதிர்ப்பல்ல, கையேடு எழுதியவர்கள் விட்டுவிட்ட பகுதி. இதற்கு மேடையிலிருந்து பதில் சொல்லாதீர்கள். உங்கள் பள்ளி ஐந்தாசிரியர் பள்ளியாக இருந்தால் நிச்சயம் சொல்லாதீர்கள். கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதி, "ஈராசிரியர் பள்ளியில் வேறு யார் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கைகள் எழும். அவர்களை ஒரு குழுவாக உட்காரவைத்து இருபது நிமிடம் கொடுங்கள். அன்றைய பயிற்சியின் மிகப் பயனுள்ள இருபது நிமிடம் அதுவாக இருக்கக்கூடும்.

இரண்டாவது வகைப் பதில் வரலாறாக வரும். "செயல்வழிக் கற்றல் வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள்." அவர் கண்டவை கொஞ்சமல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய, அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்தாளர் வந்து, இனி எல்லாம் மாறப்போகிறது என்று உறுதியளித்திருக்கிறார். இப்போது அதே இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அவருடைய சலிப்பில் தகவல் இருக்கிறது. முடிக்கும்வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அவற்றில் எது இன்னும் உங்கள் வகுப்பில் மிச்சம் இருக்கிறது?" சிலருக்கு ஒன்றும் மிச்சமிராது. சிலர் யோசித்து, "பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்த அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை. அதைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்" என்பார்கள். ஏன் அது மட்டும் தங்கியது என்று அரங்கம் பேசட்டும். தங்கியதற்கான காரணத்தில் புதிய திட்டத்துக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

மூன்றாவது வகையில் இடம் எதுவும் குறிப்பிடப்படாது. அதே வாக்கியம் சற்று உரத்துத் திரும்ப வரும். இதற்கும் பாடத்துக்கும் தொடர்பில்லை. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர் தனக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்ற வலி அது. மேடையில் வைத்து "அனுபவம் மிக்க ஐயா அவர்கள்" என்று புகழ்ந்தால் இன்னும் மோசமாகும். எல்லோருக்கும் அது புரிந்துவிடும். தேநீர் நேரத்தில் தனியே போய் உண்மையான வேலை ஒன்றைக் கேளுங்கள்: "மதியம் பின்னம் வருகிறது. மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று பிள்ளைகள் சொல்வதை நீங்கள் எப்படிச் சரிசெய்கிறீர்கள் என்று பத்து நிமிடம் காட்டுவீர்களா?" ஒப்புக்கொள்பவர்கள் பெரும்பாலும் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். நாற்பது பேரையும் வென்றெடுக்கும் பொறுப்பை யாரும் உங்களிடம் ஒப்படைக்கவில்லை.

எந்த வகையாக இருந்தாலும் "மேலிடத்து உத்தரவு அப்படி" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதைச் சொன்ன கணத்திலிருந்து நீங்கள் சக ஆசிரியர் இல்லை. சுற்றறிக்கை ஆகிவிடுகிறீர்கள்.

குழுவேலையில் ஒருவர் எழுதுகிறார், ஏழு பேர் கதை பேசுகிறார்கள்

எண்ணிக்கையைப் பாருங்கள், எட்டுப் பேர் குழுவுக்கு ஒரு சார்ட், ஒரு ஸ்கெட்ச் பேனா. ஒரு பேனாவுக்கு ஒருவர்தான் வேலை செய்ய முடியும். மற்றவர்கள் கதை பேசாமல் என்ன செய்வார்கள்? குழுவை நான்காகக் குறையுங்கள். முதலில் ஆளுக்கொரு தாளில் தனியே எழுதட்டும், பிறகு ஒப்பிடட்டும்.

சார்ட்டின் மேல் நம் துறைக்கு இருக்கும் பற்று தனியே ஆராயத்தக்கது. அரைமணிக் குழுவேலையில் இருபது நிமிடம் தலைப்புக்கு வண்ணம் தீட்டவும் நான்கு ஓரத்திலும் கொடி வரையவும் போகிறது. ஏனென்றால் அது புகைப்படம் எடுக்கப்படும். முடிவில் எல்லாக் குழுக்களும் ஒவ்வொன்றாக முன்னே வந்து ஏறக்குறைய ஒரே ஐந்து கருத்தைச் சொல்ல ஒரு மணி நேரம். சார்ட்டை விட்டுவிட்டு, சாதாரண தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, எல்லோரும் நடந்து படித்து, ஒப்புக்கொள்ள முடியாத ஒரு வரியின் அருகே கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். பிறகு கேள்விக்குறிகளை மட்டும் பேசலாம். ஒருங்கிணைப்பாளருக்குப் படம் தேவையென்றால் அவர்கள் நடந்து படிக்கும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

சில சிறு பழுதுகள்

சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிறார்கள்: சாம்பார் சாதத்தோடு போட்டியிடாதீர்கள். இரண்டிலிருந்து மூன்று மணிவரை விளக்கவுரையே வைக்கக்கூடாது. எழுந்து நின்று கையால் செய்யும் வேலைக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.

மின்சாரம் போய்விட்டது, புரொஜெக்டர் ஓடவில்லை: உங்கள் அமர்வு அதோடு நின்றுவிட்டால் கோளாறு மின்சாரத்தில் இல்லை.

கடைசிச் செயல்பாட்டுக்கு எப்போதும் நேரம் கிடைப்பதில்லை: பத்து மணி என்று போட்டிருக்கும் பயிற்சி வருகைப் பதிவும் வரவேற்பும் முடிந்து பத்தேமுக்காலுக்குத்தான் தொடங்கும், நாலரைப் பஸ்ஸுக்கு நாலு மணியிலிருந்தே பைகள் மூடப்படும். திட்டமிடும்போதே அந்த இரண்டையும் கழித்துவிடுங்கள். முக்கியமானதைக் காலையில் வையுங்கள்.

உங்களோடு எடுக்கும் மற்றொரு கருத்தாளர் இடையிடையே புகுந்து "சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன்" என்கிறார்: முந்தைய நாள் தொலைபேசியில் அமர்வுகளைப் பங்கிட்டதோடு நிறுத்தியிருப்பீர்கள். ஒருவர் நடத்தும்போது மற்றவர் என்ன செய்வது என்பதையும் பேசி வைத்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு வேலை வேண்டும். என்ன வேலை என்பது கடைசிப் பகுதியில் வருகிறது.

விடை தெரியாத கேள்வி வந்துவிட்டது

"குழந்தை 'ர'வையும் 'ற'வையும் மாற்றி எழுதுவது கேட்பதில் உள்ள குழப்பமா, எழுதுவதில் உள்ள குழப்பமா?" என்று ஒரு தமிழாசிரியர் கேட்கிறார். உங்களுக்குத் தெரியவில்லை. "நல்ல கேள்வி, பிறகு பார்க்கலாம்" என்று நகர்ந்தால், அந்தப் "பிறகு" வராது என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கண்டுபிடிக்கும் வழியைக் கேளுங்கள். யாராவது சொல்வார்: சொல்வதெழுதுதலில் மட்டும் மாறுகிறதா, பார்த்து எழுதும்போதும் மாறுகிறதா என்று சோதித்தால் தெரிந்துவிடுமே. அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, யார் எந்த வகுப்பில் செய்து பார்க்கப்போகிறார்கள் என்று பெயரையும் எழுதுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் அதற்கு. தெரியாதவற்றின் பட்டியல் கூட்டத்துக்குக் கூட்டம் தொடர்ந்தால்தான் அது தொழில்சார்ந்த குழு; இல்லையென்றால் வருகைப் பதிவுக்காகக் கூடும் கூட்டம்.

பின்னூட்டப் படிவங்கள் எல்லாவற்றிலும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது"

இதைப் பழுது என்று எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. ஆனால் கருத்தாளரின் வளர்ச்சியை நிறுத்துவதில் இதற்கு இணை வேறில்லை.

படிவம் கொடுக்கப்படும் நேரத்தைப் பாருங்கள்: நாலு மணி பத்து நிமிடம். அதைக் கொடுத்தால்தான் பணிச்சான்று கிடைக்கும். பெயர் எழுத இடம் இருக்கிறது. வாங்கிக்கொள்பவர் நாளை குறுவள மையத்தில் பக்கத்தில் உட்காரப்போகிறவர். இந்த நான்கும் சேர்ந்தால் எந்த மனிதரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றுதான் எழுதுவார். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பயிற்சியின் பயனை நான்கு நிலையாகப் பிரித்துப் பார்க்கும் முறையை டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கினார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் விளைவு உண்டானதா. நம் படிவம் முதல் நிலையை மட்டும், அதையும் கூச்சத்தோடு, தொடுகிறது.

அதிகாரபூர்வப் படிவத்தை மாற்ற உங்களால் முடியாது. அது பாட்டுக்குப் போகட்டும். அதற்கு முன், மூன்றரை மணிவாக்கில், பெயரில்லாத துண்டுத்தாளில் இரண்டே கேள்வி: "திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் செய்யப்போகும் ஒன்று எது?" "இன்று எந்த இடத்தில் கவனம் கலைந்தது?" இரண்டாவதை "குறை என்ன?" என்று கேட்டால் பதில் வராது. கவனம் கலைந்த நேரத்தைக் கேட்டால் கூச்சமின்றி எழுதுகிறார்கள். "இரண்டாவது அமர்வில், கற்றல் விளைவுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது" என்று ஒரே இடத்தைப் பலர் சுட்டினால் அடுத்த பயிற்சியில் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

முதல் கேள்வியின் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். நான்கைந்து வாரம் கழித்து, பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களில் இருவரைப் பார்க்கும்போது, "சார், அந்த அட்டை விளையாட்டுச் செய்து பார்த்தீர்களா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். ஆய்வுக்கு வந்தவர்போல் அல்ல. போகும்போது உங்கள் பள்ளியின் அட்டைகள் சிலவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்காருங்கள். நீங்கள் அரங்கில் சொன்னது அங்கே என்ன உருவம் எடுத்திருக்கிறது என்று பார்க்கலாம். சிலவேளை அடையாளமே தெரியாது. சிலவேளை நீங்கள் சொன்னதைவிட நன்றாக இருக்கும். அந்த மாற்றத்தை எழுதிக்கொண்டு அடுத்த அரங்கில் அவர் பெயரைச் சொல்லி எடுத்துக்காட்டுங்கள், அவர் சம்மதத்தோடு.

ஆண்டுகள் ஓடுகின்றன; அதே அமர்வு, அதே எடுத்துக்காட்டு, அதே நகைச்சுவை

உங்களை நன்றாகப் பேசுபவர் என்கிறார்கள். எல்லாப் பயிற்சிக்கும் அழைக்கிறார்கள், ஆனால் எப்போதும் அதே தலைப்புக்கு. இதன் காரணம் ஒன்றுதான்: நீங்கள் நடத்துவதை உங்கள் நிலையில் உள்ள யாரும் கவனித்துப் பார்த்ததில்லை. அதிகாரி வந்து பார்த்தது கணக்கில் வராது. அவர் பார்ப்பது பயிற்சி நடக்கிறதா என்பதை.

ஜப்பானிய ஆசிரியர்களிடம் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் ஒன்று உண்டு. சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்பைச் சுற்றி நின்று குறிப்பெடுக்கிறார்கள், பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். நமக்கு வேண்டிய நுட்பம் இது: அவர்கள் குறிப்பெடுப்பது ஆசிரியரைப் பற்றி அல்ல, பிள்ளைகளைப் பற்றி. எந்தப் பிள்ளை எந்தக் கணத்தில் பென்சிலைக் கீழே வைத்தது, யார் பக்கத்து நோட்டைப் பார்த்தது என்று. பேச்சு அதிலிருந்து தொடங்குவதால் நடத்தியவருக்கு அடிபட்ட உணர்வு குறைகிறது.

இதை நம் வட்டாரத்தில் செய்யத் தனி நிதி வேண்டாம். இணைக் கருத்தாளர் இருக்கிறாரே, அவர் போதும். நீங்கள் நடத்தும்போது அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று விஷயம் மட்டும் குறிக்கட்டும். கருத்தாளர் தொடர்ந்து பேசிய மிக நீளமான நேரம் எத்தனை நிமிடம். வாய் திறந்தவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். கைபேசிகள் எப்போது வெளியே வந்தன. அடுத்த அமர்வில் இடம் மாறிக்கொள்ளுங்கள். "நன்றாக இருந்தது, சார்", "குரல் கொஞ்சம் உயரவேண்டும்" போன்ற பொதுக்கருத்துகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை. முதன்முறை பார்க்கும்போது பலருக்கும் அதிர்ச்சி தருவது முதல் எண்தான். பத்து நிமிடம் பேசியதாக நினைத்தவர் இருபத்தைந்து நிமிடம் பேசியிருப்பார்.

இணைக் கருத்தாளரே நண்பராகவும் இருந்துவிட்டால் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அடுத்த ஒன்றியத்தில் அதே தலைப்பை எடுப்பவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு ஓர் அமர்வை மாற்றிப் பாருங்கள்: உங்கள் அமர்வை அவர் எடுக்கட்டும், அவருடையதை நீங்கள். உங்கள் பழைய நகைச்சுவை அந்த ஊரில் எடுபடாது. அதனால் அதை விடவேண்டி வரும்.

ஒரே தலைப்புக்கு அழைக்கிறார்கள் என்பதற்கு வேறொரு தீர்வும் உண்டு, கொஞ்சம் மனவலிமை வேண்டும். அந்தத் தலைப்பை ஒரு புதியவருக்குக் கொடுத்துவிடுங்கள். முதல்முறை சேர்ந்து நடத்துங்கள், இரண்டாம் முறை அவர் நடத்த நீங்கள் பின்னால் உட்காருங்கள். தடுமாறும்போது எழுந்து போய் உதவத் தோன்றும். கேட்டால் ஒழிய எழாதீர்கள். குறிப்புத் தாளை அன்று மாலையே, பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதோ தேநீர்க்கடையிலோ, அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கருத்தாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.